வீட்டிலேயே வாசனைத் தைலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாசனைத் தைலம் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே குழப்பம் தெரிகிறது. பூவிலிருந்தோ வேரிலிருந்தோ மணத்தைப் பிரித்தெடுப்பது ஒரு தொழில். பிரித்தெடுத்த மணங்களை அளவறிந்து சேர்ப்பது இன்னொரு தொழில். முதலாவதற்கு வடிகலனும் மூட்டை மூட்டையாகப் பூவும் வேண்டும். இரண்டாவதற்குச் சமையலறை மேடையில் ஓர் ஓரம் போதும். வீட்டில் நன்றாக வரக்கூடியது இந்த இரண்டாவதுதான்.

கே: பெர்ஃப்யூம் செய்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. முன்அனுபவம் இல்லை. என்னென்ன வாங்குவது, எங்கே தொடங்குவது? – வாசகி, கும்பகோணம்

ப: ஸ்பிரிட்டில் தொடங்காதீர்கள், எண்ணெயில் தொடங்குங்கள். அத்தர் மரபே எண்ணெய் மரபுதான். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்புக் கலனில் பூவையும் நீரையும் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கும் பாத்திரத்துக்குள் இறக்குவார்கள். பூவின் மணத்தைச் சந்தன எண்ணெய் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் வீட்டில் பூவின் இடத்தில் கடையில் வாங்கிய நறுமண எண்ணெய்களும், சந்தன எண்ணெயின் இடத்தில் மணமில்லாத ஒரு தாங்கு எண்ணெயும் இருக்கப்போகின்றன.

முதலில் வாங்க வேண்டியது தராசு. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசு போதும். சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீர்போல ஓடும், வெட்டிவேர் எண்ணெய் பாகுபோல இழுக்கும். ஒரு மில்லிலிட்டரில் ஓர் எண்ணெய் 20 சொட்டும் இன்னொன்று 40 சொட்டும் வரலாம். சொட்டில் எழுதிய குறிப்பு வேறு சொட்டுக்குழாயில் வேறு வாசனையாகிவிடும்.

தாங்கு எண்ணெயாக ஃப்ராக்ஷனேட்டட் தேங்காய் எண்ணெய், அதாவது உறையும் பகுதி நீக்கிய தேங்காய் எண்ணெய், சிறந்தது. உணவுக்கென்று விற்கும், சுவை சேர்க்காத எம்.சி.டி. எண்ணெயும் இதே வகைதான். நிறமில்லை, மணமில்லை, குளிரில் உறையாது, எளிதில் சிக்கு வாடை அடிக்காது. செக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சமையலுக்கு அருமை. ஆனால் அவற்றின் சொந்த மணம் நீங்கள் சேர்க்கும் எதையும் அமுக்கிவிடும். ஜோஜோபாவும் நல்லதுதான், விலைதான் கூடுதல்.

முதல் தைலத்துக்கு ஓர் அளவு, மொத்தம் 10 கிராம்:

சந்தன எண்ணெய் 0.50 கிராம்
வெட்டிவேர் எண்ணெய் 0.30 கிராம்
ஜெரேனியம் எண்ணெய் 0.40 கிராம்
ஆரஞ்சுத் தோல் எண்ணெய் 0.25 கிராம்
ஏலக்காய் எண்ணெய் 0.05 கிராம்
தாங்கு எண்ணெய் 8.50 கிராம்

நறுமண எண்ணெய்கள் ஐந்தும் சேர்ந்து 1.50 கிராம், அதாவது 15 சதவீதம். தோலில் தடவும் தைலத்துக்கு இது தாராளம். சந்தன எண்ணெய் கட்டுப்படி ஆகாவிட்டால் அதன் இடத்தில் 0.30 கிராம் தேவதாரு எண்ணெய் போட்டு, தாங்கு எண்ணெயை 8.70 ஆக்குங்கள். மணம் வேறாகத்தான் இருக்கும், ஆனால் கெடாது.

20 மி.லி. கண்ணாடிக் குப்பியைத் தராசில் வைத்து எடையைச் சுழியாக்குங்கள். கனமான எண்ணெயிலிருந்து தொடங்கிச் சந்தனம், வெட்டிவேர், ஜெரேனியம், ஆரஞ்சு, ஏலம் என்ற வரிசையில் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சொட்டுக்குழாய். வெட்டிவேர் எண்ணெய் இறங்க மறுத்தால் அதன் குப்பியை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். கைதவறி ஏதாவது கூடிவிட்டால் உறிஞ்சி எடுக்கப் பார்க்காதீர்கள், எல்லாம் கலந்த கலவைதான் குழாயில் வரும். கூடியது எத்தனை பங்கோ, மற்றவற்றையும் அதே விகிதத்தில் கூட்டிவிடுங்கள்.

ஐந்தும் சேர்ந்ததும் மூடி, மெதுவாகச் சுழற்றி, இரண்டு நாள் இருட்டில் வையுங்கள். பிறகு தாங்கு எண்ணெயைச் சேர்த்து இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். கலந்த அன்று முகர்ந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முட்டிக்கொண்டு நிற்கும். ஆரஞ்சின் கூர்மை அடங்கி, வெட்டிவேரின் மண்வாசம் மற்றவற்றோடு இணைய இந்த அவகாசம் தேவை. 10 கிராம் எண்ணெய் 10 மி.லி. உருள்முனைக் (ரோல்-ஆன்) குப்பியில் முழுதாக அடங்காது, சற்று மீறும். மீறுவதைச் சின்னக் குப்பியில் தேதி எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை செய்வதை அதோடு ஒப்பிட்டு முகரலாம்.

கே: மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் எண்ணெய்களைக் கலந்து ஸ்ப்ரே செய்யலாமா? சானிடைசர், வோட்கா என்றும் சொல்கிறார்களே? – வாசகர், ஈரோடு

ப: மூன்றும் வேண்டாம், காரணங்கள் வேறு வேறு. சர்ஜிகல் ஸ்பிரிட்டாக விற்பது பெரும்பாலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அல்லது குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த எத்தனால். அந்த மருத்துவமனை நெடி எந்தப் பூவையும் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். நறுமண எண்ணெய் அதில் சரியாகக் கரையாது, தோலும் பிசுபிசுக்கும். வோட்காவில் ஆல்கஹால் சுமார் 40 சதவீதம்தான், மீதி ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். எண்ணெய் பால்போலக் கலங்கி, பிறகு மேலே மிதக்கும்.

ஸ்ப்ரேக்கு வேண்டியது 95 சதவீத எத்தனால். தமிழ்நாட்டில் ரெக்டிஃபைட் ஸ்பிரிட் (அந்த 95 சதவீத எத்தனால்), டினேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்தது) இரண்டுமே உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை, கேனில் வாங்கி வீட்டில் வைக்கக் கூடாது. அதைவிட முக்கியம்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எந்த ஸ்பிரிட்டையும் தொடாதீர்கள். கள்ளச்சாராயத்தில் உயிரையும் கண்ணையும் பறிக்கும் மெத்தனால், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட உடலுக்குள் போகும். மணத்தை வைத்து அதையும் எத்தனாலையும் பிரித்தறிய முடியாது.

பெர்ஃப்யூமுக்கான ஆல்கஹால் சட்டப்படி சில்லறையில் கிடைக்கும் நாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு: 30 கிராம் தைலத்துக்கு நறுமணக் கலவை 4.5 கிராம், ஆல்கஹால் 25.5 கிராம். அடுப்பும் விளக்கும் இல்லாத அறையில் கலக்குங்கள், எத்தனாலின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். நான்கு வாரம் இருட்டில் வைத்து, இறுக மூடிய குப்பியை ஓர் இரவு ஃபிரிட்ஜில் குளிர வைத்து, காபி வடிதாளில் வடிகட்டுங்கள். குளிரில் திரளும் மெழுகுத் துகள்கள் அதில் நின்றுவிடும். தாங்கு எண்ணெய் ஒரு சொட்டும் இதில் சேரக்கூடாது. சேர்ந்தால் கலங்கும், ஸ்ப்ரே முனையும் அடைக்கும்.

கே: குண்டுமல்லியைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன். மல்லி வாசனையே இல்லை, வேகவைத்த கீரை வாடைதான் வந்தது. என்ன தவறு? – வாசகி, மதுரை

ப: உங்கள் கையில் தவறில்லை, முறையில்தான். மல்லிகையின் மணம் மிக மென்மையான பல பொருள்களின் கூட்டு. காய்ச்சும்போது மேலே நிற்கும் இனிப்பான, பழ மணமுள்ள பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். கனமான, சற்று முடை அடிக்கும் பகுதியும் இதழின் பச்சை வாடையும் மிஞ்சும். பூவில் உள்ள தண்ணீர் எண்ணெயில் இறங்கி, இரண்டொரு வாரத்தில் அதையும் புளிக்க வைக்கும். ஆலைகளும் மல்லிகையை இப்படிக் காய்ச்சுவதில்லை. ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் பூவை நனைத்து மெழுகுபோன்ற 'காங்க்ரீட்' என்ற திரளை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி 'ஆப்சல்யூட்' என்ற மணச்சாரமாக ஆக்குகிறார்கள். ஹெக்ஸேன் வீட்டுக்குள் வரவே கூடாத சரக்கு.

ஆனால் மல்லிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மொட்டாகப் பறித்த பிறகும் அது உயிரோடு இருந்து, மாலையில் மலர்ந்து, இரவெல்லாம் மணத்தை உண்டாக்கி வெளியே விடும். பக்கத்தில் கொழுப்பு இருந்தால் மணம் அதில் படியும். பிரான்சின் கிராஸ் நகரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி மல்லிகையை அடுக்கியதும், வட இந்தியாவில் எள்ளும் பூவும் மாற்றி மாற்றி அடுக்கி, பிறகு அந்த எள்ளை ஆட்டிச் சமேலி என்ற மல்லிகை எண்ணெய் எடுத்ததும் இதே அறிவில்தான்.

வீட்டில் இப்படிச் செய்யலாம். ரீஃபைண்டு தேங்காய் எண்ணெய் 180 கிராம், வெளுத்த தேன்மெழுகு 20 கிராம். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகிவிடும், மதுரை வெயிலில் அது நிற்காது. மெழுகு அதைக் களிம்பாகப் பிடித்து வைக்கும். இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றி ஆறவிடுங்கள்.

மாலையில் மொட்டு வாய் திறக்கத் தொடங்கும் நேரத்தில் 40 முதல் 50 கிராம் எடுங்கள். தண்ணீர் தெளிக்காத மொட்டாக இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். கடையில் ஈரத்துணியில் சுற்றி வைத்த பூ என்றால் மின்விசிறிக் காற்றில் ஈரம் போகும்வரை உலர்த்துங்கள். காம்பையும் பச்சைப் புல்லியையும் கிள்ளிவிட்டு, அழுத்தாமல் களிம்பின்மேல் பரப்பி, இன்னொரு தட்டால் மூடுங்கள். காலையில் இதழ் பழுப்பாவதற்குள் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். மறுநாள் மாலை புதுப்பூ. இப்படிப் பத்துப் பன்னிரண்டு மாலை செய்தால் களிம்பில் மல்லி மணம் நன்றாக இறங்கியிருக்கும். மூன்றாம் நாளே மணக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். பூ பக்கத்தில் இருப்பதால் வரும் மணம் அது. தட்டைப் பூ இல்லாத அறையில் ஒரு நாள் வைத்து முகர்ந்தால் உண்மை தெரியும்.

பூஞ்சை பிடித்தால் காரணம் ஈரம், புளித்த வாடை வந்தால் வாடிய இதழ் ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் மருந்தில்லை, கொட்டிவிட வேண்டியதுதான். மார்கழி, தை மாதங்களில் வரத்துக் குறைந்து பூ தங்க விலை விற்கும்போது இதைத் தொடாதீர்கள். பங்குனியிலிருந்து பூ மலியும், அப்போது செய்யுங்கள்.

கே: அதே முறையில் ரோஜா எடுக்கலாமா? – வாசகர், ஓசூர்

ப: எடுக்க முடியாது. பறித்த ரோஜா மல்லியைப்போலப் புதிதாக மணத்தைச் சுரந்துகொண்டிருப்பதில்லை, இருப்பதை இழக்கத்தான் செய்யும். ரோஜா எண்ணெயும் வீட்டில் கனவுதான், ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். ஆனால் ரோஜா மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஃபெனைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரையும். அதனால் பன்னீர் மட்டும் வீட்டிலேயே மிக நன்றாக வரும்.

மருந்தடிக்காத பன்னீர் ரோஜா இதழ் 250 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். வெயில் ஏறுவதற்குள் பறித்த பூ வேண்டும். அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தின் நடுவே ஒரு தாங்கியும் அதன்மேல் கிண்ணமும் வைத்து, சுற்றிலும் இதழும் நீரும் போட்டு, குவிந்த மூடியைக் கவிழ்த்து மூடி, மூடிக்குழியில் பனிக்கட்டி போடுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, நடுவில் வழிந்து, கிண்ணத்தில் சொட்டும். தீ சிறியதாக இருக்கட்டும், கொதி தெறித்துக் கிண்ணத்தில் விழுந்தால் பன்னீர் பழுப்பாகும். 200 மி.லி. சேர்ந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் வருவதில் மணம் குறைந்து வேகவைத்த வாடை ஏறும். கொதிநீரில் கழுவிய குப்பியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். கலங்கினால் கொட்டிவிடுங்கள். இந்தப் பன்னீரை எண்ணெய்த் தைலத்தில் சேர்க்க முடியாது, பிரிந்து நிற்கும். குக்கர் விசிலில் குழாய் மாட்டிக் காய்ச்சும் வித்தை வேண்டவே வேண்டாம். இதழ் குழாயை அடைத்தால் குக்கர் வெடிக்கும்.

கே: எட்டு எண்ணெய்கள் வாங்கிப் பிடித்ததையெல்லாம் கலந்தேன். தனித்தனியாக எல்லாமே நன்றாக இருக்கின்றன, சேர்ந்தால் மந்தமாக, எதுவென்று சொல்ல முடியாத வாடை. – வாசகி, யாழ்ப்பாணம்

ப: எட்டில் ஐந்தையாவது ஒதுக்கி வையுங்கள். நல்ல கலவை முதலில் இரண்டு எண்ணெய்களுக்கிடையே அமைய வேண்டும். அதன்பிறகுதான் மூன்றாவது.

எண்ணெய்கள் ஆவியாகும் வேகத்தில் மூன்று வகை. எலுமிச்சை, ஆரஞ்சு, யூகலிப்டஸ் போன்றவை முதல் கால் மணியில் பேசிவிட்டுப் போகும் முதல் மணம். ஜெரேனியம், மல்லிகை, பாமரோசா (ரோஜா சாயலில் மணக்கும் புல்) ஆகியவை சில மணி நேரம் நிற்கும் நடு மணம். வெட்டிவேர், சந்தனம், பச்சோலி, சாம்பிராணி எல்லாம் தொட்டு வைத்த தாளில் மறுநாளும் இருக்கும் அடி மணம். எடையில் அடி மணம் பாதி, நடு மணம் மூன்றில் ஒரு பங்கு, மீதி முதல் மணம் என்று தொடங்கலாம். கடைப் பெர்ஃப்யூம்களில் விகிதம் வேறாக இருக்கும். எண்ணெய்த் தைலத்துக்கு இது பொருந்தி வரும்.

விகிதத்தைவிட முக்கியம் ஒவ்வொன்றின் வலு. வெட்டிவேர், பச்சோலி, கிராம்பு, மரிக்கொழுந்து நான்கும் கூட்டத்தையே அமுக்கும். மரிக்கொழுந்து எண்ணெய் ஒரு சொட்டு கூடினால் கலவை முழுவதும் ஊறிய பழம்போல மணக்கும். அளவோடு நின்றாலோ மல்லியையும் சந்தனத்தையும் இணைக்க அதைப்போல ஒன்றில்லை. உங்கள் கலவை மந்தமானதற்கு இப்படிப்பட்ட வலுவான எண்ணெய்கள் இரண்டு மூன்று சம அளவில் மோதியதுதான் காரணமாக இருக்கும்.

சோதனைக்கு ஒவ்வோர் எண்ணெயிலும் 0.5 கிராம் எடுத்து 4.5 கிராம் தாங்கு எண்ணெயில் கலந்து, 10 சதவீதக் கரைசலாகத் தனிக்குப்பியில் வையுங்கள். இப்போது எல்லாமே ஏறக்குறைய ஒரே தடிப்பில் இருப்பதால், சோதனை மட்டத்தில் சொட்டுக் கணக்கு செல்லும். வெட்டிவேர் 3, ஜெரேனியம் 5 என்று ஒரு சின்னக் கண்ணாடியில் சேர்த்து, கெட்டியான ஓவியத்தாளை விரல் அகலத்துக்கு வெட்டி அதன் நுனியில் தொட்டு, உடனே, அரை மணி கழித்து, நான்கு மணி கழித்து, மறுநாள் காலை என்று முகர்ந்து எழுதுங்கள். 3:5 பிடிக்காவிட்டால் 2:6, 1:7 என்று நகருங்கள். இரண்டு எண்ணெய்களின் சரியான விகிதம் ஏதோ ஓர் இடத்தில் பளிச்சென்று தெரியும். அங்கே இரண்டின் பெயரும் மறைந்து புதிதாக ஒரு மணம் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைச் சேருங்கள். ஒரே அமர்வில் ஆறு தாளுக்குமேல் முகராதீர்கள், மூக்கு மரத்துவிடும். இடையிடையே வெளிக்காற்றில் நில்லுங்கள், அல்லது உங்கள் சட்டைக் கையை முகருங்கள். காப்பிக்கொட்டை முகர்வது இன்னொரு வலுவான மணத்தைச் சேர்ப்பதுதான், அது உதவாது.

கே: பட்டையும் கிராம்பும் சேர்த்த தைலம் தடவிய இடத்தில் தோல் சிவந்து எரிகிறது. இயற்கைப் பொருள்தானே? – வாசகர், திருநெல்வேலி

ப: இயற்கை என்பதால் தோலுக்கு ஆகும் என்று பொருளில்லை. ஒரு சொட்டு எண்ணெயில் இருப்பது சில கிராம்புகளின் மொத்தச் சாரம். தோலில் தங்கும் தைலத்துக்குப் பாதுகாப்பு வழிகாட்டிகள் சொல்லும் மேல்வரம்பு கிராம்பு எண்ணெய்க்கு 0.5 சதவீதம், எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு 0.7, பட்டை எண்ணெய்க்கு வெறும் 0.07. பத்துக் கிராம் தைலத்தில் கிராம்பு 0.05 கிராமைத் தாண்டக்கூடாது. பட்டை 0.007 கிராம், உங்கள் தராசால் அளக்கவே முடியாத எடை. ஆகவே பட்டை எண்ணெயைத் தைலத்தில் விட்டுவிடுங்கள். அறைக்கு மணமூட்ட வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஆபத்து வெயில். பழத்தோலைப் பிழிந்து எடுத்த பெர்கமோட் (எலுமிச்சைக் குடும்பப் பழம்), லைம் எண்ணெய்களில் ஃப்யூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது படிந்த தோலில் வெயில் பட்டால் தீக்காயம்போலக் கொப்புளித்துக் கருந்தழும்பு நிற்கும். பெர்கமோட்டுக்கு வரம்பு 0.4 சதவீதம், லைமுக்கு 0.7. ஆவியில் வடித்த லைம் எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. இனிப்பு ஆரஞ்சிலும் இல்லை. ஆனால் பழசாகிக் காற்றுப்பட்ட ஆரஞ்சு எண்ணெய் ஒவ்வாமை தரும், திறந்து ஓராண்டு ஆனதைத் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போது எரியும் இடத்தில் எண்ணெய் போகும்வரை மென்சோப்பால் கழுவுங்கள். இரண்டு நாளில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இனி எந்தத் தைலத்தையும் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டுத் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கைக்குழந்தைகளுக்குத் தடவவே வேண்டாம்.

கே: ஊதுபத்தி காம்பவுண்டு குறைந்த விலையில் பல வாசனைகளில் கிடைக்கிறது. அதை எண்ணெயில் கலந்தால்? – வாசகர், வேலூர்

ப: அது எரிப்பதற்காகச் செய்தது, தோலில் தங்குவதற்காக அல்ல. என்ன கரைப்பான், எவ்வளவு என்று அதில் எழுதியிருக்காது. செயற்கை வாசனை என்பதாலேயே கெடுதல் என்று நாங்கள் சொல்லவில்லை. தோலுக்கான பயன்பாட்டு வரம்பை எழுத்தில் தரும் விற்பனையாளரிடம் வாங்கினால் செயற்கை மல்லியும் செயற்கைக் கஸ்தூரியும் நன்றாகவே பயன்படும்.

கே: நான் செய்யும் தைலம் அரை மணியில் மறைந்துவிடுகிறது. – வாசகி, சேலம்

ப: நீங்கள் அனுப்பிய அளவில் எலுமிச்சையும் யூகலிப்டஸும் சேர்ந்தே முக்கால் பங்கு. அவை ஓடிப்போகும் எண்ணெய்கள், எத்தனை ஊற்றினாலும் நிற்காது. வெட்டிவேரும் சந்தனமும் சேர்த்து எடையில் பாதியாவது ஆக்குங்கள். குளித்தபின் மணமில்லாத களிம்பு தடவிய தோலில் வைத்தால் இன்னும் நிற்கும், வறண்ட தோல் தைலத்தை உறிஞ்சிவிடும். பக்கத்தில் இருப்பவரிடமும் ஒருமுறை கேளுங்கள். தன் மேல் இருக்கும் மணத்துக்கு மூக்கு பழகிவிடுவதால், மறையாததும் மறைந்ததாகத் தோன்றும்.

கே: நாட்டுமருந்துக் கடை வெட்டிவேரை எண்ணெயில் ஊறப்போட்டால் வெட்டிவேர் எண்ணெய் ஆகுமா? – வாசகர், கடலூர்

ப: மணமூட்டிய எண்ணெய் ஆகும், வெட்டிவேர் எண்ணெய் ஆகாது. வேரின் மணம் கனமானது, ஆலையிலேயே பல மணி நேரம் ஆவியில் வைத்தால்தான் இறங்கும். உங்கள் பக்கத்து மணல் நிலங்களில் விளைவது நல்ல வேர், அதனால் முயன்று பாருங்கள். மண் போகக் கழுவி, மொறமொறவென்று காய்ந்த வேர் 20 கிராமை நறுக்கி, 100 கிராம் ஃப்ராக்ஷனேட்டட் தேங்காய் எண்ணெயில் முழுதும் மூழ்கப் போட்டு, வெயில் படாத இடத்தில் நான்கு வாரம். பிழிந்து வடித்து, அதே எண்ணெயில் இன்னொரு 20 கிராம் புது வேர். இதை முதல் பதிலில் சொன்ன தாங்கு எண்ணெயின் இடத்தில் ஊற்றினால் தைலத்துக்கு அடியில் ஓர் ஈரமண் வாசம் கிடைக்கும். வேரில் ஈரம் இருந்தால் எண்ணெய் கலங்கும், அப்படியானால் கொட்டிவிடுங்கள்.

கே: சந்தன எண்ணெய் ஒரு கடையில் ஒரு விலை, இன்னொரு கடையில் பத்து மடங்கு விலை. நிஜத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, கோயம்புத்தூர்

ப: வீட்டுச் சோதனைகளில் எதுவும் முடிவான விடை தராது. தாளில் எண்ணெய்க்கறை பார்ப்பது பயனில்லை, அசல் சந்தனமே ஆவியாகப் பல நாள் எடுக்கும். விற்பவரிடம் அந்தத் தொகுதிக்கான ஆய்வறிக்கை கேளுங்கள். நம் நாட்டுச் சந்தன மரத்தின் எண்ணெயில், அதன் மணத்துக்குக் காரணமான ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 சதவீதமும், பீட்டா சான்டலால் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 3518 என்ற பன்னாட்டுத் தரம். ஆஸ்திரேலியாவின் வேறொரு சந்தன இனத்தில் இது குறைவு, விலையும் குறைவு. அப்படியென்று சொல்லி விற்றால் ஏமாற்று அல்ல. மேற்கிந்தியச் சந்தனம் என்ற பெயரில் விற்கும் அமைரிஸ் சந்தனக் குடும்பமே அல்ல. மூக்குக்கு ஓர் அடையாளம் சொல்லலாம்: அசல் சந்தனம் திறந்தவுடன் அடிக்காது, அடக்கமாகத் தொடங்கி நேரம் போகப்போக ஏறும். குப்பியைத் திறந்ததும் அறை நிறைந்தால் சந்தேகப்படுங்கள்.

கே: புனுகு, கஸ்தூரி சேர்த்தால் வாசனை நிற்கும் என்கிறார்களே? – வாசகர், தஞ்சாவூர்

ப: நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கஸ்தூரி மானும் புனுகுப் பூனையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். அந்த விலங்குகளை அடைத்தும் கொன்றும் எடுக்கும் பொருள் எந்தத் தைலத்துக்கும் தேவையில்லை. கஸ்தூரி வெண்டை விதை எண்ணெய் அதே சாயலில் மெல்லிய கஸ்தூரி மணம் தரும். 10 கிராமுக்கு 0.10 கிராம் போதும். மணம் பிடித்து வைக்கச் சாம்பிராணி வகைப் பிசினின் சாரமும் உதவும்.

கே: பயணத்துக்குக் கெட்டித் தைலம் செய்ய அளவு சொல்லுங்கள். என்னுடையது மணல்மணலாகிவிட்டது. – வாசகி, புதுச்சேரி

ப: தேன்மெழுகு 5 கிராம், தாங்கு எண்ணெய் 13 கிராம், நறுமணக் கலவை 2 கிராம். சித்திரை வெயிலில் கைப்பையில் வைப்பதானால் மெழுகை 6 ஆக்கி எண்ணெயை 12 ஆகக் குறையுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் மெழுகை உருக்குங்கள், 62 முதல் 65 டிகிரியில் உருகும். எண்ணெயை முன்பே வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள். குளிர்ந்த எண்ணெயை ஊற்றினால் மெழுகு அங்கங்கே திரண்டு மணலாகும், உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். ஷியா வெண்ணெய் சேர்த்திருந்தால் மெல்ல ஆறியதும் ஒரு காரணம். தெளிந்ததும் இறக்கி, ஓரத்தில் ஏடு கட்டத் தொடங்கும்போது நறுமணக் கலவையை விட்டு, இரண்டு சுற்றுக் கலக்கி, உடனே டப்பாவில் ஊற்றுங்கள். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் முதல் மணம் முழுக்கப் பறந்துவிடும். மணலான பழையதை மறுபடி உருக்கி விரைவாக ஆறவைத்தால் சரியாகும். மணம் கொஞ்சம் குறையும், அதற்கு 0.3 கிராம் கலவை கூட்டுங்கள்.

மதுரை வாசகிக்கு நாம் சொன்ன மல்லிக் களிம்பு கைவசம் இருந்தால், 18 கிராம் களிம்பும் 2 கிராம் மெழுகும் போதும். அதைமட்டும் குறைந்த சூட்டில், உருகியும் உருகாததுமாக இறக்குங்கள்.

கே: செய்ததைச் சுய உதவிக் குழு மூலம் விற்கலாமா? – வாசகி, நாமக்கல்

ப: உறவினருக்குப் பரிசாகத் தருவது வேறு, விற்பது வேறு. தோலில் தடவும் வாசனைத் தைலம் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்கீழ் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் பெற வேண்டும். சேர்மானங்கள், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி குப்பியில் இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறை முகவரிக்கு உரிமம் கிடைப்பது கடினம். உரிமம் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் உங்கள் கலவையைக் கொடுத்துச் செய்து வாங்குவது பல குழுக்களுக்கு ஏற்ற வழி.

கே: சொட்டுக்குழாய் மூடியுள்ள குப்பியில் வைத்த தைலம் கறுத்து ரப்பர் வாடை அடிக்கிறது. – வாசகர், நாகர்கோவில்

ப: நறுமண எண்ணெய்கள் ரப்பரைக் கரைக்கும், உங்கள் மூடியின் குமிழ் பிசுபிசுத்துப் போயிருக்கும் பாருங்கள். அந்தத் தைலத்தை இனித் தோலில் தடவாதீர்கள். அளப்பதற்கு மட்டும் சொட்டுக்குழாய், வைப்பதற்குப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியும் கெட்டிப் பிளாஸ்டிக் திருகுமூடியும். குப்பியின் கழுத்துவரை நிரப்புங்கள், உள்ளே காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். வெட்டிவேரும் சந்தனமும் அலமாரி இருட்டில் இருந்தாலே ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும், மணமும் கூடும்.